தாய்மாமன் கொடுத்த தோல்

1994ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் முருகம்மாளின் கழுத்து கறுக்கத் தொடங்கியது. அப்போது அவளுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. அழுக்கு என்று எண்ணிய தாய் பாண்டீஸ்வரி, ஞாயிறுதோறும் பிள்ளையைத் தண்ணீர்த்தொட்டி அருகே உட்காரவைத்து, பீர்க்கங்கூட்டில் பயத்தமாவைத் தடவித் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை, தோல்தான் உரிந்தது. பொங்கலுக்குள் அக்குளும் கறுத்தது. பல்லுக்கு மேல் பல் முளைத்தது. மூன்று ஆள் சோறு தின்றும் கையும் காலும் சோளத்தட்டை போலவே இருந்தன.

உசிலம்பட்டிக்குத் தெற்கே, மழையை நம்பிச் சோளமும் துவரையும் விதைக்கும் ஊர் அது. பாண்டீஸ்வரியின் கணவர் முத்திருளன் நான்கு பசுக்களும் மூன்று குறுக்கம் நிலமும் வைத்திருந்தார். அவர் அவளுக்கு அத்தை மகன். அவருடைய பெற்றோரும் மாமன் மகள், அத்தை மகன் முறையில் மணந்தவர்களே. மூன்று தலைமுறையாக அந்த இரு வீடுகளுக்குள்ளேயே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடந்து வந்தன. அதைப் பெருமையாகவே சொல்லி வந்தார்கள்.

பிள்ளையை மதுரைக்கு அழைத்துப் போனவன் பாண்டீஸ்வரியின் தம்பி செல்வக்குமார். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயில் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை என்பதால், மருத்துவர் ஊசியைத் தொடங்கினார். பத்து யூனிட்டில் இறங்கவில்லை. நாற்பதிலும் இறங்கவில்லை. நூறைத் தாண்டியபோது அவர் ஊசியை நிறுத்தி, இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார். பிள்ளையின் சொந்த இன்சுலினே இயல்பைவிட நாற்பது மடங்கு இருந்தது.

"தம்பி, உள்ள இன்சுலின் ஆறா ஓடுது. செல்லு ஒரு கை கூட அள்ள மாட்டேங்குது" என்றார் மருத்துவர்.

அந்தச் சொல் செல்வக்குமாருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்தது. பசுமலையில் விலங்கியல் படித்து முடித்த அவன், 1993 முதல் சமயநல்லூரில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தான். செல்களை வளர்ப்பதும், அவற்றைக் கரைத்துப் புரதங்களைப் பிரிப்பதும், பிரிந்தவற்றை எக்ஸ்ரே படத்தில் பட்டைகளாக விழச் செய்வதும் அவன் வேலை. புரதங்களைப் பிரிக்க இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அவன் ஊற்றும் ஜெல்லில் ஒரு குமிழிகூட இராது. "கண்ணாடிக்குக் கண்ணாடி ஊத்துறாரு" என்பார் ஆய்வகக் கடைநிலை ஊழியர் பேச்சிமுத்து.

1996இல் ஆய்வகத்துக்குத் தலைவராக வந்தவர் ஹரிராம். மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பமொன்றில் பிறந்து, எட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியவர். முதல் வாரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, தாம் செய்யப்போகும் வேலையைச் சொன்னார். இன்சுலின் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தை வெளியிலிருந்து தொடுகிறது. தொட்டதும் ஏற்பியின் உட்பகுதி விழித்து, தன்மேலேயே பாஸ்பேட் குறிகளைப் பொறித்துக்கொள்கிறது. அந்தக் குறிகளைக் கண்டுகொண்டு வந்து அமர்பவை இணைப்புப் புரதங்கள். தாமாக ஒரு வேலையும் செய்யாதவை. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துவைப்பதே அவற்றின் பிழைப்பு. சில, சேதியை உள்ளே கடத்திச் சர்க்கரைக்கு வழி திறக்கச் செய்யும். வேறு சில, ஏற்பியின்மேல் அமர்ந்து அதை அடைத்துவிடும். அடைப்பதும் தேவைதான். சேதி ஓயாமல் போய்க்கொண்டிருந்தால் செல் கெடும். எப்போது கடத்துவது, எப்போது அடைப்பது என்பதைச் செல் எப்படித் தீர்மானிக்கிறது என்று கண்டறிவதே ஹரிராமின் நோக்கம்.

செல்வக்குமார் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அடைக்கும் புரதத்தையே நினைத்துக்கொண்டு வந்தான். முருகம்மாளிடம் அது மிகுந்து போயிருந்தால்? கோளாறு ஏற்பியிலேயே இருந்தால் அது கருவிலேயே வாய்த்தது. அதைத் திருத்த வழியில்லை. அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கும் வரக்கூடும். அடைக்கும் புரதத்தில் இருந்தால், அது பிறந்த பின்னர் மிகுந்ததாகவும் இருக்கலாம். மருந்தால் குறையவும் குறையலாம். ஏற்பியா, இணைப்புப் புரதமா? அந்த ஒரு கேள்விக்குள் தன் அக்காள் மகளின் ஆயுள் அடங்கியிருப்பதாக அவனுக்குப் பட்டது.

ஓராண்டு தயங்கிய பின், இப்படி ஒரு பிள்ளையின் செல்லை ஆராயலாமா என்று ஹரிராமிடம் கேட்டான். நோயின் குறிகளைக் கேட்டதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"யாருப்பா பிள்ளை?"

"எங்க ஊர்ப் பிள்ளை சார்."

அது பொய்யில்லை. ஆனால் அக்காள் மகள் என்று அவன் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஹரிராம் விதித்திருந்த விதிகளில் ஒன்று, சொந்தக்காரர் மாதிரியைச் சொந்தக்காரர் தொடக்கூடாது என்பது. "கண்ணு தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்" என்று அதற்குக் காரணமும் சொல்லியிருந்தார். உறவைச் சொன்னால் வேலை இன்னொருவர் கைக்குப் போகும். அந்த இன்னொருவரின் ஜெல்லில் குமிழி விழும் என்று செல்வக்குமார் நம்பினான்.

1998 ஆனியில் தோல் மருத்துவர் ஒருவர் முருகம்மாளின் முன்கையில் உளுந்தளவு தோல் எடுத்துக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் தோலும் வேண்டியிருந்தது. கல்லூரி நண்பனைக் கேட்கலாம் என்று செல்வக்குமார் சொன்னதும் பாண்டீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"மொட்டை போட்டது ஓம் மடியில, காது குத்துனது ஓம் மடியில. இப்பத் தோலு வேணும்னா ஊரான்கிட்டப் போயி நிப்பியாக்கும்? தாய்மாமன்னு நீ என்னத்துக்குடா இருக்க?"

"அக்கா, அது சீரு இல்லக்கா. ஆராய்ச்சி."

"எம்மகளுக்கு என்ன செஞ்சாலும் மொதல்ல தாய்மாமன்தான்."

மாட்டைத் தண்ணிக்கு அவிழ்த்துக்கொண்டிருந்த முத்திருளன் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, சீர்வரிசையில தோலை வச்ச மொத ஆளு ஒலகத்துலயே நீதான்" என்றார். முருகம்மாள் சிரித்தாள். செல்வக்குமாருக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். மறுநாளே இடக்கையை நீட்டித் தோல் கொடுத்தான். பதிவேட்டில், ஆய்வக வழக்கப்படி பெயரின்றி, 'இயல்பு-1, ஆண், வயது 28' என்று தானே எழுதினான்.

தான் அந்தப் பிள்ளைக்கு இரத்த உறவு என்பது அவனுக்கு அப்போது தோன்றவேயில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் பேச்சில் இரத்தம் என்றால் பங்காளி: ஒரே சாமி கும்பிடுகிறவர், ஒரே தீட்டுக் காக்கிறவர். தாய்மாமன் வேறு வீட்டுக்காரன். பெண் கொடுத்து எடுக்கும் முறைக்காரன். மரபியல் தாளில் அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன்தான் அவன். ஆனால் படித்த இடம் வேறு, வளர்ந்த வீடு வேறு. தோல் கொடுக்கப் போனவன் வளர்ந்த வீட்டிலிருந்து போனான்.

இரண்டு தோல்களும் குடுவைகளில் வளர்ந்தன. வாரம் இருமுறை இளஞ்சிவப்பு ஊட்டநீரை மாற்றினான். மின்சாரம் போனால் வெப்பப்பெட்டியின் கதவை யாரும் திறந்துவிடாதபடி அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தான். இன்சுலினை ஊற்றி, செல்களைக் கரைத்து, ஏற்பியை மட்டும் பிடித்தெடுத்து, அதோடு எவ்வளவு அடைக்கும் புரதம் ஒட்டி வருகிறது என்று பார்த்தான். ஏழு மாதங்களில் ஐந்து முறை செய்தான். ஐந்திலும் ஒரே விடை வந்தது. முருகம்மாளின் ஏற்பி, அவனுடையதில் ஏறக்குறையப் பாதி. ஆனால் ஓர் ஏற்பிக்கு இத்தனை என்று கணக்கிட்டால், அடைக்கும் புரதம் அவளிடம் இரண்டு மடங்கு.

ஹரிராம் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாதி ஏற்பி போதும்ப்பா. பாதி இருந்தா ஆளு ஒரு குறையும் இல்லாம நடமாடலாம். அப்பக் கோளாறு ஏற்பியில இல்ல. அடைக்கிறதுல இருக்கு." படத்தைத் தாழ்த்தியவர், "ஆனா இன்னும் உறுதி இல்ல. வெளிய சொல்லிறாத" என்றார்.

அது 1999 மாசி. அந்தச் சனிக்கிழமையே செல்வக்குமார் உசிலம்பட்டி பஸ் ஏறினான். அக்காளுக்கு எப்படி விளங்கவைப்பது என்று வழியெல்லாம் யோசித்து, ஏறி வந்த பஸ்ஸையே எடுத்துக்கொண்டான்.

"வண்டி இருக்குக்கா. டிரைவரும் இருக்கான். கண்டக்டரு ரெண்டு விசில் குடுத்தாத்தான எடுப்பான்? இவ ஒடம்புல ஒருத்தன் படியில நின்னுக்கிட்டு ஒத்த விசிலையே ஊதுறான். வண்டி நின்னது நின்னபடி கெடக்கு."

"அவனை எறக்கிவிட முடியாதா?"

"மருந்து வரும்க்கா. எறக்கிரலாம்."

மாமியார் பேரன் கேட்டுப் பத்தாண்டுகளாகக் குத்திக்காட்டியும் பாண்டீஸ்வரி இரண்டாவது பிள்ளைக்கு இணங்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதுமில்லை.

"அப்ப இது ரத்தத்துல வர்றது இல்லியேடா?"

"இல்லக்கா."

"இன்னொண்ணு பெத்தா?"

ஹரிராம் சொன்னது அவன் நினைவில் இருந்தது. ஆனாலும் அக்காளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வராதுக்கா" என்றான்.

கட்டுரை எழுதப்பட்டு ஆண்டின் கடைசியில் வெளிநாட்டு இதழ் ஒன்றுக்குப் போனது. 2000 ஆனியில் பதில் வந்தது. வேலை நன்று, ஆனால் ஒரே ஒரு இயல்பான ஆளை வைத்து ஒப்பிட்டது போதாது, நோயாளிக்கு இரத்த உறவில்லாத இன்னும் இருவரின் செல்களோடு ஒப்பிட்டு அனுப்புக என்று கட்டுரையை மதிப்பிட்ட நடுவர் கேட்டிருந்தார். செல்வக்குமாரும் அந்தக் கடிதத்தைப் படித்தான். இரத்த உறவில்லாத இன்னும் இருவர் என்றால், முதலாமவனான தானும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டான்.

ஹரிராம் தம் கையையே நீட்டினார். இன்னொருவராகப் பேச்சிமுத்துவைப் பிடித்தார்கள்.

"சார், எடுக்கிறது சரி. திருப்பித் தருவீங்களா?"

"உளுந்தளவுதானப்பா."

"எந்தோலு தடிச்ச தோலு சார். எம்பொண்டாட்டி முப்பது வருசமாப் பேசிப் பாக்குறா, உள்ள எறங்க மாட்டேங்குது. ஒங்க ஊசி எறங்குமா?"

ஊசி இறங்கியது. செல்கள் வளர இரண்டு மாதங்கள் ஆயின. ஆவணிக் கடைசியில் ஒரு முற்பகலில், நால்வரின் புரதங்களும் ஒரே ஜெல்லில் பக்கம்பக்கமாக ஓடின. இருட்டறையில் படத்தைக் கழுவித் தூக்கிய செல்வக்குமார், சிவப்பு விளக்கில் பார்த்துவிட்டு, கழுவியது சரியில்லை என்று மீண்டும் நீரில் அமிழ்த்தினான். இரண்டாம் முறை தூக்கியபோதும் அதே படம்தான். ஹரிராமுக்கும் பேச்சிமுத்துவுக்கும் ஏற்பியின் பட்டை கரிக்கோடு இழுத்ததுபோல் தடித்திருந்தது. அவனுடையது அதில் பாதி. முருகம்மாளுடையது நகம் கீறியதுபோல் இருந்தது. கீழே, அடைக்கும் புரதத்தின் பட்டை நால்வருக்கும் ஒரே அளவு.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை ஹரிராமிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த இயல்பு-ஒண்ணு யாரு?"

"நான்தான் சார்."

"நீயா? ஒனக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்ல சார்."

ஹரிராம் படத்தை மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் பிள்ளை ஒனக்கு யாருப்பா?"

"அக்கா மக சார்."

"தாய்மாமனா நீ?"

"ஆமா சார்."

அவர் திட்டுவார் என்று நின்றான். அவர் திட்டவில்லை. "நானும் மாமன் மகளைத்தான் கட்டியிருக்கேன். நம்ம வீடுகள்ல ஒரே ரத்தம் ரெண்டு வாசல் வழியாவும் உள்ள வரும்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரிஞ்சிருக்கணும்" என்று மெல்லச் சொன்னார். பின்பு விரலால் பட்டைகளைத் தொட்டுக் காட்டினார். "அக்காட்ட இந்த ஏற்பிக்கான மரபணுவுல ஒரு கெட்ட நகல் இருக்கு. ஒங்கிட்டயும் அதே நகல் இருக்கு. பிள்ளையோட அப்பன்கிட்டயும் இருக்கணும். பிள்ளைக்கு ரெண்டு பக்கத்துலயும் கெட்டதே வந்திருச்சு. நம்ம அளவுகோலே பாதியா இருந்திருக்கு செல்வக்குமார். பாதியை வச்சு அளந்தா, கால் வந்து பாதியாத் தெரியும். இணைப்புப் புரதம் ஒரு குத்தமும் செய்யல. அது அதும்பாட்டுக்கு இருக்கு. ஏற்பி கொறஞ்சதால கூடுனாப்புலத் தெரிஞ்சிருக்கு."

அன்று பிற்பகலே அவர் தம் பெயரில் போன கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினார். பிழையைத் தம்முடையதாகவே எழுதினார். உதவியாளன் பெயர் அதில் இல்லை. செல்வக்குமார் அதைப் படித்துவிட்டுக் கழுவுதொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டான். அப்போது பாண்டீஸ்வரிக்கு ஆறாம் மாதம்.

மூன்றாம் நாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. முடிந்தது என்பதைவிட, மூன்றாம் நாள்தான் துணிந்தான் என்பது சரி. பாண்டீஸ்வரி மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அக்கா, நான் சொன்னது தப்பு" என்றான்.

"எது?"

"ஒத்த விசில் ஊதுறவன் ஒருத்தன்னு சொன்னேன்ல. அவன் மேல தப்பு இல்ல."

ஆட்டுரலில் குழவி நின்றது. அவள் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கிறவள் இல்லை.

"அப்ப வண்டியே இல்லியாடா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு. அது பத்தாதுக்கா."

"ரத்தத்துல வர்றதா?"

"ஆமா. ஓங்கிட்ட ஒரு பாதி, மச்சான்கிட்ட ஒரு பாதி. எங்கிட்டயும் பாதி. எந்தோலை வச்சுப் பாத்ததுனாலதான் தெரியாமப் போச்சு." மிச்சத்தையும் சொன்னான். "நாலு பிள்ளை பொறந்தா ஒண்ணுக்கு வரலாம்."

பருத்திப்பால் வழிந்த கையை அவள் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இது அந்த நாலுல எத்தனையாவதுடா?"

"அப்படி வரிசை இல்லக்கா. ஒவ்வொண்ணுக்கும் புதுசா நாலுல ஒண்ணு."

அன்று அவள் அழுததாக முத்திருளன் சொல்வார். அழவில்லை என்று பாண்டீஸ்வரி சொல்வாள். செல்வக்குமாருக்கு அவள் முகம் நினைவில் இல்லை. சேலையில் பதிந்த வெள்ளைக் கைத்தடம் மட்டுமே நினைவில் இருக்கிறது. "போ. மாடு கத்துது" என்று சொல்லிவிட்டு அவள் குழவியைச் சுற்றத் தொடங்கினாள்.

மார்கழியில் ஆண்பிள்ளை பிறந்தது. நல்லகாமன் என்று பெயர் வைத்தார்கள். எடை ஒரு குறையும் இல்லை. ஆயினும் பாண்டீஸ்வரி நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு காலையும் அவன் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகே அவனுக்குச் சட்டை போட்டாள். கறுக்கவில்லை. தம்பியோடு அவள் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். செல்வக்குமார் வாராவாரம் மருந்து வாங்கிக்கொண்டு போவான். "மாமா, சாப்பிட்டியான்னு அம்மா கேக்கச் சொன்னா" என்று முருகம்மாள் இரண்டடித் தூரத்துக்குத் தூது போவாள். அந்த ஆண்டுகளில் தன் மாமன் மகளை முடிக்க வீட்டில் பேச்செடுத்தபோது அவன் மறுத்தான். காரணம் கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை. பின்னரும் மணம் செய்துகொள்ளவில்லை.

முருகம்மாளுக்கு மீண்டும் தொடங்கிய ஊசி இருநூறு யூனிட்டாகி, பின்பு நானூறானது. இருக்கும் ஒன்றிரண்டு ஏற்பிகளின் காதில் விழும்படி கத்துவதுதான் அது என்று மருத்துவர் சொன்னார். தொடையில் குத்த இடமின்றிக் கட்டி தட்டிப்போயிருந்தது. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை போனாள். கழுத்தை மறைக்கத் துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள். ஒருநாள் ஊசிக்குத் தொடையைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, ஓங்கிட்டப் பாதி இருக்காமே?"

"யாரு சொன்னா?"

"அம்மாவும் அப்பாவும் பேசிக்கிட்டாங்க. அம்புட்டையும் வச்சு நீ என்ன பண்ற? கொஞ்சம் எனக்குக் குடேன்."

"குடுக்க முடிஞ்சா குடுக்க மாட்டனாடி?"

"தோலு மட்டும் குடுத்த?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஊசியை எடுத்த இடத்தில் அவன் பஞ்சை அழுத்திப் பிடித்தான்.

2003 கார்த்திகையில் சளிக்காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மூச்சில் பழம் அழுகிய மணம் வந்தது. ஓடிவந்தவளைப்போல் மூச்சு இழுத்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றிய இன்சுலினை அவள் செல்கள் கேட்கவில்லை. கார்த்திகை இருபத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை, பதினோரு மணியளவில் இறந்தாள். தண்ணீர் கேட்டதே அவள் கடைசியாகப் பேசியது.

ஆய்வகத்தில் அவள் செல்கள் உயிரோடு இருந்தன. திரவ நைட்ரஜன் நிறைந்த கலத்தில், ஆறு சிறு குப்பிகளில் உறைந்திருந்தன. தை பிறந்த பின் ஹரிராம் செல்வக்குமாரை அழைத்தார்.

"வேற யார்கிட்டயும் இல்லாத செல்லுப்பா இது. ஏற்பி கொறஞ்ச எடத்துல இணைப்புப் புரதங்க எப்படி நடந்துக்குதுன்னு பாக்க ஒதவும். ஆனா தாய் சம்மதிக்கணும். இந்தத் தடவை முழு உண்மையையும் சொல்லிக் கேட்டுட்டு வா."

அவன் போய்ச் சொன்னான். மூன்றாண்டுகளுக்குப் பின் பாண்டீஸ்வரி அவனை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நீ பாக்குறதுக்கு முன்னாடி எனக்குப் பதில் சொன்னியே, அப்படி நான் சொல்ல மாட்டேன். பாத்துட்டுச் சொல்றேன்."

செல்வக்குமார் ஒரு குப்பியை உருக்கிக் குடுவையில் வளரவிட்டான். பத்தாம் நாள், முத்திருளனிடம் சிறுவனை விட்டுவிட்டு, பாண்டீஸ்வரி சமயநல்லூருக்கு வந்து இறங்கினாள். செருப்பை வாசலிலேயே விட்டாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நுண்ணோக்கியில் எந்தக் கண்ணை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. செல்வக்குமார் முக்காலியை உயர்த்தி, தலையை மெல்லப் பிடித்துச் சரிசெய்தான்.

நீண்டு மெலிந்த செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி, ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்க்கா."

"அசையலியே."

"மெதுவா அசையும். நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"இதுக்கு என்ன சாப்பாடு?"

"அந்தச் சிவப்புத் தண்ணிதான். சர்க்கரையும் உப்பும் கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சத்தும் இருக்கும். வாரம் ரெண்டு தடவை மாத்துவேன்."

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"இதுவும் இன்சுலினு சொன்னா கேக்காதுல்ல?"

"கேக்காதுக்கா."

"சுத்தி அம்புட்டுச் சர்க்கரை இருந்தும் அள்ளத் தெரியாதுல்ல?"

ஹரிராம் வாசலருகே நின்றிருந்தார். இன்சுலின் இல்லாமலே தோல் செல் தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் என்பது அவருக்கும் செல்வக்குமாருக்கும் தெரியும். செல்வக்குமார் அதைச் சொன்னான். இனி அரைகுறையாகச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தான். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்ட பிறகும் மறுத்துத் தலையை அசைத்தாள்.

"பதினாலு வருசம் சோத்துப்பானைக்குள்ள உக்காந்துக்கிட்டுப் பசி பசின்னு கெடந்தா. இங்கயும் ஒரு பானைக்குள்ள வச்சிருக்க. வேணாம்டா. முடிச்சிரு."

ஹரிராம், "சரிம்மா" என்றார். தம் அறைக்குப் போனார்.

செல்வக்குமார் கலத்திலிருந்து மீதி ஐந்து குப்பிகளையும் எடுத்து மேசையில் வைத்தான். அவற்றின் மேல் படிந்த உறைபனி உருகி நீரானது. குடுவையின் மூடியைத் திறந்து, வெளுக்கும் திரவத்தை அளந்து ஊற்றினான். இளஞ்சிவப்பு நொடியில் நிறமற்றுப் போனது. குப்பிகளிலும் ஊற்றினான். பாண்டீஸ்வரி அருகில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"செத்துருச்சா?"

"ம்."

"வலிச்சிருக்குமா?"

"வலிக்காதுக்கா. அதுக்கு நரம்பு இல்ல."

அவள் முந்தானையால் மேசையில் தேங்கிய பனிநீரைத் துடைத்தாள்.

"அவளுக்கு இருந்துச்சேடா" என்றாள்.